சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு சுருக்குப் பை

போன கார்த்திகையில் ஒரு நாள். மாலை மணி ஏழு இருக்கும். எங்கள் ஓசூர்ப் பக்கத்துக் கார்த்திகையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஆறு மணிக்கெல்லாம் இருட்டி, பனி இறங்க ஆரம்பித்துவிடும். ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நிற்க முடியாது. அந்த வாசலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன், ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல். ஐந்தே முக்காலுக்கு வந்திருக்க வேண்டிய பெண் இன்னும் வரவில்லை.

என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடம் ஓசூர் டவுனுக்குள். நாங்கள் இருப்பது மத்திகிரியைத் தாண்டி. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் போய் வருகிறாள். பள்ளிக்கூடத்துக்கு செல்போன் கொண்டு போகக் கூடாது. இவருக்கு அன்று செகண்ட் ஷிப்ட். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் வாயே திறக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பயமில்லை; பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஏழே காலுக்குத் தெருக்கோடியில் உருவம் தெரிந்தது. ஓட்டி வரவில்லை, தள்ளி வந்தாள். பின் டயர் சப்பையாகித் தரையில் தேய்ந்து கொண்டு வந்தது. முகத்தில் அழுகையும் கோபமும் பாதிப் பாதி.

"பஞ்சர்ம்மா. வழியில ரெண்டு கடை பார்த்தேன். ஒண்ணு பூட்டிக் கிடந்தது. இன்னொண்ணுல, பைக்கு டயர்தான் பார்ப்போம், சைக்கிளுக்கெல்லாம் ஆள் இல்லைன்னுட்டாங்க. இருட்டுல ஒருத்தன் பைக்கை ஸ்லோ பண்ணி, ஏறிக்கிறியான்னு கேட்டான். பேசாம தள்ளிக்கிட்டே வந்துட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. மாமியார் திண்ணையிலிருந்து எழுந்தார்.

"இந்த சவாரி எல்லாம் போதும். நாளையிலிருந்து பஸ்ஸுல போகட்டும். பஸ் ஒத்து வரலேன்னா, படிச்ச வரைக்கும் போதும்."

பஸ் ஒத்து வராது என்று அவருக்கும் தெரியும். ஸ்பெஷல் கிளாஸ் விடுகிற நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அதனால் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் ஒன்றுதான். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது இப்படித்தான். மார்க் குறைந்ததால் அல்ல, போகவர வழியில்லாததால்.

மறுநாள் காலை சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு மத்திகிரிப் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். எங்கள் எல்லைப் பக்கத்து வழக்கப்படி பாதி தெலுங்கு, கொஞ்சம் கன்னடம், மிச்சம் தமிழ் என்று கலந்து பேசுவார். டயரை நெம்பி டியூபை உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, முத்து முத்தாகக் குமிழி வருகிற இடத்தைக் காட்டினார். ஊசி முனை அளவு ஓட்டை. அப்புறம் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, எதையோ பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். நெல்லுமணி நீளம்கூட இல்லாத ஓர் இரும்புச் சுருள்.

"லேத்து பட்டறைத் துருவல்மா. நம்ம ஊருல முள்ளு பாதி, இது பாதி."

எனக்குச் சிரிப்பு வந்தது. 1970-களில் சிப்காட் வந்த பிறகு எங்கள் ஊரில் தயாராகாத சக்கரம் கிடையாது. 1980-ல் மொபெட், அதே சமயத்தில் லாரி, பிறகு கைக்கடிகாரம், அவற்றுக்கெல்லாம் உதிரிப் பாகம் கடைகிற நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். அந்தப் பட்டறைகள் உதிர்த்த தேங்காய்த் துருவல் மாதிரியான ஒரு துண்டு, என் பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்திருக்கிறது.

"இதுக்கா பாப்பா அத்தனை தூரம் தள்ளிக்கிட்டு வந்துச்சு?" என்றார் பெரியவர். "அந்தக் காலத்துல சீட்டுக்குப் பின்னாடி தோல் பை தொங்கும், பார்த்திருக்கீங்களா? அதுல சாமான் எல்லாம் இருக்கும். வழியில நின்னா அங்கேயே உட்கார்ந்து ஒட்டிக்கிட்டுப் போவாங்க. அப்போ ஊருக்கு ஒரு கடைகூட கிடையாது. அப்புறம் தெருவுக்கு ஒரு கடை வந்துச்சு, பையைக் கழற்றிட்டாங்க. இப்போ கடையும் போயிடுச்சு, பையும் இல்லை."

அவர் சொன்னதும் எனக்கு என் அப்பாவின் ராலே சைக்கிள் நினைவுக்கு வந்தது. சீட்டின் பின்பக்கம் இரண்டு இரும்பு வளையம். அதில் வாரால் கட்டிய, கறுத்துப் போன ஒரு தோல் பை. அதைத் திறக்க எங்களுக்கு உரிமை கிடையாது, அண்ணனுக்கு உண்டு.

"அண்ணே, இதை எனக்குக் கத்துக் குடுங்க" என்று கேட்டேன். நான் கேட்டது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முகத்தில் காட்டாமல், ஒரு பழைய டியூபை எடுத்துப் போட்டு, "இதுல பழகுங்க" என்றார்.

*

சகோதரிகளே, நீங்கள் நினைக்கலாம்: பஞ்சர் ஒட்டுவது ஒரு பெரிய வித்தையா என்று. அல்லது, அது நமக்கு எதற்கு என்று. இரண்டு எண்ணமும் எனக்கும் இருந்தன. அதனால் அந்தப் பைக்குள் என்ன இருக்க வேண்டும், எது எதற்கு என்று கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வால்டியூப். நம் ஊர் சாதா சைக்கிள்களின் வால்வைத் திருகி எடுத்தால், உள்ளே ஒரு மெல்லிய உலோகக் குழல் இருக்கும். அதன் பக்கத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை மூடினாற்போல் ஒரு சின்ன ரப்பர் குழாய் உறை மாதிரி போட்டிருக்கும். நாம் காற்றடிக்கும்போது அந்த ரப்பர் விலகி வழி விடுகிறது. உள்ளே போன காற்று திரும்பி வரப் பார்த்தால், அதே ரப்பரை ஓட்டையின் மேல் அழுத்தி அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள்! இந்த ரப்பர் வெயிலில் காய்ந்து, வெடித்து, காற்றை விட்டுவிடும். நாம் பஞ்சர் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டு வருவோம். டயர் இறங்கியிருந்தால் முதலில் வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வியாதி அங்கேதான். ஒரு விரல் நீள ரப்பர் குழாய் பையில் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஒரு மிட்டாய் விலைதான் ஆகும்.

அடுத்தது டயரை நெம்புகிற லீவர் இரண்டு. இதற்கு திருப்புளியை உபயோகிக்கவே கூடாது. நான் உபயோகித்தேன். எதற்குக் காசு கொடுத்து வாங்குவது, வீட்டில்தான் இருக்கிறதே என்று சிக்கனம் பார்த்தேன். இருந்த ஓட்டை ஒன்று. திருப்புளி முனை குத்தி நான் போட்ட ஓட்டை இரண்டு. லீவரின் முனை மழுங்கலாக, வளைந்து இருக்கும். டியூபைக் கடிக்காது.

ஒட்டுப் போடுகிற பேட்ச் ஐந்தாறு, ஒரு சின்ன டியூப் சொல்யூஷன், உள்ளங்கையளவு உப்புத்தாள். ஒரு ஸ்பானர்: இரண்டு பக்கமும் குண்டாக, பல அளவு ஓட்டைகளோடு இருக்குமே, தூக்கிப் பார்க்கிற டம்பெல் மாதிரி, அது ஒன்று போதும். சைக்கிளின் முக்கால்வாசி நட்டுகளுக்கு அதுவே பொருந்தும். பழைய டயரில் வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று. டயரே கிழிந்து போனால் உள்பக்கம் வைத்து வீடு வந்து சேரலாம். ஒரு பழைய பருத்தித் துணி. ஒரு சோப்புத் துண்டு. முனை மழுங்கிய சின்னக் கத்தரி ஒன்று. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன். கையடக்கமான பம்ப் கிடைக்கிறது. பைக்குள் கொள்ளாவிட்டால் சைக்கிளின் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். பம்ப் வாங்கும்போது நம் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வேறு வாய் கொண்ட பம்பை ஒரு வருஷம் சுமந்திருக்கிறார்!

மாற்று டியூபும் வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பின் சக்கரத்தில் டியூபை மாற்ற, சக்கரத்தையே கழற்ற வேண்டும். நம் லேடீஸ் சைக்கிள்களில் செயினுக்குக் கவர், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் அந்த ஒரே நட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். நடுரோட்டில் அதைப் பிரித்தால் திருப்பிப் பூட்டத் தெரியாமல் முழிப்போம். கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ஒரு பக்கத்து டயரை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையை அடைத்து, திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

இப்போது ஒட்டுகிற விதம். டியூபைக் கொஞ்சம் ஊதவைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். வழியில் தண்ணீர்ச் சட்டிக்கு எங்கே போவது? கன்னத்துத் தோலுக்கு மெல்லிய காற்றுகூடத் தெரியும். ஓட்டை தெரிந்ததும் பேனாவால் ஒரு குறி. பேட்ச் பிடிக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். டியூபின் பளபளப்பு போய், மங்கலாக வரவேண்டும். பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்டால் ஒட்டாது. சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள்.

தடவியதும் நம் கை பரபரக்கும், உடனே பேட்சை வைத்து அமுக்க. அங்கேதான் நான் முதல் தடவை கோட்டைவிட்டேன். ஒட்டினேன், காற்றடித்தேன், பெருமையோடு மாமியாருக்கும் காட்டினேன். பத்து நிமிஷத்தில் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. பெரியவரிடம் கேட்டபோது, "தோசைக்கல்லு காயறதுக்குள்ள மாவு ஊத்தினா என்னம்மா ஆகும்?" என்றார். சொல்யூஷன் என்பது கோந்து மாதிரி ஈரத்தில் ஒட்டுவதல்ல. அது ரப்பரை ஒரு திரவத்தில் கரைத்தது. அந்தத் திரவம் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சுகிற ரப்பர்தான் பேட்சின் ரப்பரோடு பிடித்துக்கொள்கிறது. ஓர் ஐந்து நிமிஷமாவது காயவிட வேண்டும். வாயால் ஊதவும் கூடாது. எச்சில் ஈரம் படியும். பார்ப்பதற்குப் பளபளப்பு அடங்கியதும் பேட்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டை விரலால் பலமாக அமுக்குங்கள்.

டியூபை உள்ளே தள்ளுமுன், டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் துணியால் தடவிப் பாருங்கள். வெறும் விரல் வேண்டாம். இரும்புத் துருவல் விரலைக் கிழித்துவிடும். முள்ளோ துருவலோ அங்கேயே இருந்தால் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சர். அவசரத்தில் இதை மறப்பவர்கள்தான் அதிகம். கடைசியாக டயரின் விளிம்பைக் கையாலேயே அமுக்கி ஏற்றுங்கள். கை வலித்தாலும் லீவரைத் தொடாதீர்கள். ஏற்றும்போது லீவர் டியூபைக் கடித்தால் ஒட்டியது வீண்.

இன்னொன்று. இந்தச் சொல்யூஷன் சட்டென்று தீப்பிடிக்கக் கூடியது. நான் முதல் நாள் சமையலறையில் உட்கார்ந்து ஒட்டப் பார்த்து, இவரிடம் திட்டு வாங்கினேன். அடுப்பு, விளக்கு, ஊதுவத்திப் பக்கமே வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் கையில் கிடைக்கும்படி வைக்காதீர்கள். அதை முகர்ந்து பார்த்துப் பழகினால் மூளைக்கும் இதயத்துக்கும் கேடு. திறந்த டியூப் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் அடிக்கடி அமுக்கிப் பாருங்கள்.

*

பெண் கற்றுக்கொண்டு விட்டாள். என்னைவிடச் சீக்கிரம். அவள் ஒட்டிய மூன்றாவது பேட்ச் பிடித்தது; எனக்கு ஐந்தாவது. ஆனால் வீட்டில் பஞ்சாயத்து தீரவில்லை.

"பொம்பளைப் பிள்ளை கையில ஸ்பானரைக் குடுத்து, ரோட்டோரமா உட்காரச் சொல்றியா?" என்றார் மாமியார்.

நான் பதில் பேசவில்லை. ஆனால் பதில் பேச நிறைய இருந்தது. இந்தக் கேள்வி நம் வீட்டில் மட்டும் கேட்கப்பட்டதல்ல. 1896-ல் அமெரிக்காவில் மரியா வார்ட் என்ற பெண்மணி, பெண்களுக்கென்றே ஒரு சைக்கிள் புத்தகம் எழுதினார். எப்படி ஏறுவது, என்ன உடுத்துவது என்பதோடு நிற்கவில்லை. பெண்களும் கருவிகளும் என்றே ஒரு தனி அத்தியாயம் வைத்தார். தையல் ஊசியும் கத்தரியும் பிடிக்கிற கைக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா என்பதுதான் அவர் வாதம். நான் இதைப் படித்தபோது கைதட்டலாம் போலிருந்தது.

அப்போது அந்த வசதியே புதுசு. காற்றடைத்த டயரை அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் செய்தது 1888-ல். அதுவும் தன் மகனின் மூன்று சக்கர வண்டி தடதடவென்று ஆடாமல் ஓடவேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த டயரைச் சக்கரத்தோடு ஒட்டியே வைத்திருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்தெடுத்து, அடைத்து, மறுபடி ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவைக்க வேண்டும். பிரான்ஸில் மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டுகிற டயரைக் கொண்டுவந்த பிறகுதான், வழியில் உட்கார்ந்து நாமே சரிசெய்துகொள்வது என்பதே சாத்தியமாயிற்று. சீட்டுக்கு அடியில் பை தொங்கியதற்கு அர்த்தம் வந்தது அதற்குப் பிறகுதான்.

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் விடவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வயல் வேலை செய்பவர்கள், கல் குவாரியில் உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பெண்கள் என்று எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் போட்டி வைத்து ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். அதுதான் வசதி என்றும் சிலர் சொன்னார்களாம். ஏனென்றால் முன் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக் கொள்ளலாம்!

பத்து வருஷம் கழித்து, 2001 வாக்கில், ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், சில வருஷங்களில் அரசுப் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் என் பெண்ணின் சைக்கிள். அரசாங்கம் சைக்கிள் கொடுத்துவிட்டது, பெண்ணும் ஓட்டக் கற்றுக்கொண்டு விட்டாள். இறங்கிப்போன டயரைப் பற்றி மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

*

பை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் எல்லாவற்றையும் போட்டு, சீட்டுக்கு அடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். லடக் லடக் என்று ஊரைக் கூட்டியது. மூன்றாம் நாள் ஒரு பள்ளத்தில் கயிறு அறுந்து, சாமான் எல்லாம் தெருவில். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பை. அது ஆடி ஆடி மட்கார்டில் உரசிக் கிழிந்தது.

பை சீட்டுக் கம்பிகளோடு இறுக்கமாக நிற்க வேண்டும், ஆடக் கூடாது. டயரைத் தொடக் கூடாது. தொடையில் இடிக்கக் கூடாது. ஸ்பானரைத் துணியில் சுற்றி வையுங்கள். சுற்றாமல் வைத்தால் அது குலுங்கிக் குலுங்கி சொல்யூஷன் டியூபை ஓட்டை பண்ணிவிடும். உள்ளே ஒரு பாலிதீன் உறை இருந்தால் மழைக்கு நல்லது.

இதை நான் வாசலில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது, மாமியார் உள்ளே போய் ஒரு சாமானைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அவருடைய சுருக்குப் பை. வெற்றிலையும் சுண்ணாம்பும் சில்லறையும் சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாரே, அது. உள்ளே மூன்று அறை. வாயை இழுத்தால் இறுகிக்கொள்ளும்.

"இது ஆடாது. நாப்பது வருஷமா இடுப்புல இருக்கு, ஒரு காசு விழுந்ததில்லை" என்றார். அவ்வளவுதான். சமாதானம் என்றும் சொல்லவில்லை, சம்மதம் என்றும் சொல்லவில்லை.

அதில் ஓர் அறையில் வால்டியூப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள். இன்னொன்றில் லீவரும் ஸ்பானரும். மூன்றாவதில் துணி, சோப்பு, கத்தரி. கத்தரியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே! துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால், கழுத்தை இறுக்குவதற்குள் வெட்டிவிட அது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டுதான் ஏறவேண்டும். அதுதான் முதல் பாதுகாப்பு. கத்தரி ஒரு தைரியத்துக்கு. அதேபோல், சின்னக் குழந்தைகளைக் கேரியரில் உட்காரவைத்துப் போகிற இளம் தாய்மார்கள், பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலை கார்டு போடாமல் போகாதீர்கள். குழந்தை தூக்கக் கலக்கத்தில் காலை உள்ளே விட்டால், கம்பி குதிகாலின் சதையைப் பிய்த்துவிடும். கால் எலும்பும் முறியலாம்.

அந்த ஸ்பானரால் எங்களுக்கு எதிர்பாராத ஒரு லாபம். பெண்ணுக்கு முழங்கால் வலி என்று இரண்டு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் பார்த்துவிட்டு, சீட்டுதான் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது என்றார். சைக்கிள் வந்தபோது இருந்த உயரத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீளவேண்டும், முழங்காலில் லேசான மடிப்பு மட்டும் இருக்க வேண்டும். சீட்டின் நட்டைத் தளர்த்தி இரண்டு விரல் உயர்த்தினோம். டயரிலும் காற்று எப்போதும் கட்டை விரலால் அமுக்கினால் அமுங்காத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த சைக்கிளை மிதிப்பது, உரலில் கட்டி இழுக்கிற மாதிரி. இரண்டும் சரியானதும் தைலப் பாட்டில் அலமாரிக்குப் போயிற்று. வளர்கிற பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் வீடுகளில், சட்டை அளவு பார்ப்பதுபோல் சீட்டு அளவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

*

தை மாதம் மறுபடியும் ஒரு நாள் தாமதம். ஆறு மணி. ஆறேகால். நான் வாசலுக்கு வந்தேன். மாமியார் எனக்கு முன்னால் அங்கே நின்றார்.

ஆறரைக்கு மணிச் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டுதான் வந்தாள். கூடவே அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, இன்னொரு சைக்கிளில். இரண்டு பேர் கையும் முழங்கை வரைக்கும் கறுப்பு.

"எனக்கில்லைம்மா, இவளுக்கு. முன் டயர். தெருவிளக்குக் கீழ ஸ்டாண்டு போட்டு ஒட்டினோம். முதல்ல வால்டியூப்தான்னு நினைச்சேன். பார்த்தா முள்ளு."

"காயவிட்டியா?" என்று நான் கேட்டேன்.

"காயவிட்டேன். வாட்ச் பார்த்து அஞ்சு நிமிஷம். இவதான், போதும்டி போதும்டின்னு அவசரப்பட்டா."

மாமியார் முன்னால் வந்து, பெண்ணின் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு குனிந்து, அந்த முன் டயரைக் கட்டை விரலால் ஒரு தடவை அமுக்கினார். அமுங்கவில்லை.

"உள்ளே போய்க் கையைக் கழுவுங்கடி. அந்தப் பொண்ணுக்கும் காபி போடச் சொல்லு. அவங்க வீட்டுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லுங்க, தேடப் போறாங்க."

காபி குடித்துவிட்டு அந்தப் பெண் கிளம்பும்போது, தனக்கும் அதே மாதிரி ஒரு பை வேண்டும், கடையில் கிடைக்குமா என்று கேட்டாள். கடையில் ஏது! மாமியார் என் பழைய பட்டுப் பாவாடைத் துணி எங்கே இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். இரண்டு பை தைக்கப் போகிறாராம். ஒன்று அந்தப் பெண்ணுக்கு. இன்னொன்று அவருக்கே. ஏனென்றால் பழைய பையைத் திருப்பிக் கொடுத்தாலும், இனிமேல் வெற்றிலையில் சொல்யூஷன் வாடைதான் அடிக்குமாம்.